“எழுதுவீங்கன்னு சொல்லவே இல்லையே, சார்!”

(மகளிர் கல்லூரி ஒன்றில் நாட்டு நலப்பணித் திட்ட மாணவியர் நடத்திய மனநல விழிப்புணர்வுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் அவர்களே, புறநோயாளிகளைப் பார்த்து முடித்த கையோடு சாப்பிடாமல்கூட நேராக இங்கே வந்து சேர்ந்திருக்கும் அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவர் அவர்களே, என்னை அழைத்த நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, வெயிலைப் பார்க்காமல் வந்திருக்கும் பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

முதல்வர் அம்மாவுக்கு நான் தனியாக நன்றி சொல்லியாக வேண்டும். எனக்குப் பொன்னாடை போர்த்தியதற்காக அல்ல. கூட்டம் தொடங்கும் முன் இந்தக் கல்லூரியின் ஆலோசனை அறையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். அழைத்துப் போனார்கள். நூலகத்துக்குப் பின்னால், மாடியில் ஒரு சின்ன அறை. ஆசிரியர் அறையைத் தாண்டாமலே அங்கே போய்விடலாம். கதவில் ‘ஆலோசனை மையம்’ என்று பெரிய பலகை கிடையாது, அறை எண் மட்டும்தான். “யார் உள்ளே போகிறார்கள் என்று யாருக்கும் தெரியக்கூடாது, அதனால்தான் பலகையைக் கழற்றச் சொன்னேன்” என்றார்கள். ஒரு பெண் அந்தக் கதவைத் தட்டுகிறாள் என்பதே ஒரு தகவல்தான். அதைக் காப்பாற்ற நினைத்த கை இந்தக் கை. அம்மா அவர்களுக்கு என் வணக்கம்.

மருத்துவர் ஐயாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்கள் அவரால் நிம்மதியாகத் தூங்குகின்றன. ஆனால் எந்தக் குடும்பம் என்று இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அதுதான் அவருடைய பெருமை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இளையோருக்கான மனநல உதவிச் சேவைகள் அவர்களுடைய சொந்தத் தகவலை எப்படிக் கையாள வேண்டும் என்பது எனக்குத் தந்த தலைப்பு. மூன்றாகப் பிரித்துப் பேசலாம் என்று வந்தேன். தகவலை வாங்குவது, வைத்திருப்பது, விட்டுவிடுவது.

எங்கள் அப்பாயி அடிக்கடி ஒரு பழமொழி சொல்லும். ‘பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே.’ திண்ணையில் உட்கார்ந்து நாங்கள் சத்தமாகக் குடும்பக் கதை பேசினால் போதும், உள்ளேயிருந்து இந்தக் குரல் வந்துவிடும். இருட்டில் யார் எங்கே நின்று கேட்கிறார்கள் என்று தெரியாது, அதனால் வாயைத் திறக்காதே என்று பொருள். நல்ல பழமொழிதான். ஆனால் மனம் உடைந்த பிள்ளைக்குப் பேச்சு வருவதே இரவில்தான். வீடு தூங்கிய பிறகு போர்வைக்குள் இருந்துதான் அது 14416-ஐ அழுத்துகிறது. அந்த நேரத்தில் “பேசாதே” என்று சொல்ல நமக்கு மனம் வருமா? பேசு என்கிறோம். அப்படியென்றால் பக்கம் பார்க்கிற பொறுப்பு கேட்கிறவரிடம் வந்துவிடுகிறது.

அந்த எண்ணைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டெலி மானஸ் என்ற பெயரில் மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று, உலக மனநல நாளில், தொடங்கிய மனநலத் தொலைபேசி உதவிச் சேவை. 24 மணி நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம், தமிழிலும் பேசலாம். நம் மாநிலத்தில் ‘நட்புடன் உங்களோடு’ என்று அதற்கு அழகான பெயர் வைத்திருக்கிறார்கள். குழந்தைகளுக்கு 1098 இருக்கிறது. இதற்கெல்லாம் முன்னால், 1986-லேயே சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் ‘சினேகா’ என்ற தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கினார். இவர்களையெல்லாம் கையெடுத்துக் கும்பிடுகிறேன். நான் சொல்லப்போகும் எதுவும் இவர்கள் மேல் குறையாக அல்ல. குறை என் மேல் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நான் 28 வருடம் தமிழாசிரியர். வகுப்பாசிரியராக இருந்த ஒரு பள்ளியில், தலைமை ஆசிரியர் என்னை மாணவர் நலப் பொறுப்பாளர் ஆக்கினார். பயிற்சி எதுவும் கிடையாது. பிள்ளைகள் என்னிடம் பேசுவார்கள், அது ஒன்றுதான் தகுதி. நானும் ஆர்வத்தில் ஒரு 200 பக்கக் கோடு போட்ட நோட்டு வாங்கினேன். பழுப்பு அட்டை போட்டு, மேலே ‘மாணவர் நலப் பதிவேடு’ என்று என் கையால் எழுதினேன். எழுத்து நன்றாக இருக்கும், அதில் எனக்கு ஒரு பெருமை.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன். பெஞ்சில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டே இருப்பான். ஒருநாள் மதியம் மரத்தடியில் உட்கார வைத்துப் பேசினேன். முதலில் வாயே திறக்கவில்லை. என் டிபன் பாக்ஸில் இருந்த தயிர்சாதத்தில் பாதியைக் கொடுத்தேன். சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். மாலை வீட்டுக்குப் போகும் முன் எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். தேதி, பெயர், வகுப்பு, பிரிவு. கீழே நான்கு வரி. ‘அம்மா வீட்டை விட்டுப் போய் 3 மாதம் ஆகிறது. இரவில் தூக்கம் இல்லை. அழுகிறான். பக்கத்து வீட்டில் சாப்பாடு.’ அப்புறம் நோட்டை ஆசிரியர் அறை அலமாரியில் வைத்தேன். அந்த அலமாரிக்குப் பூட்டு இருந்தது, சாவிதான் தொலைந்து பல வருடம் ஆகியிருந்தது.

அடுத்த ஆண்டு பள்ளிக்கு ஆய்வு வருகிறது என்றார்கள். சுவருக்கு வெள்ளையடித்து அலமாரிகளை ஒழித்தார்கள். பழைய விடைத்தாள், வருகைப் பதிவேடு, எல்லாவற்றையும் சணல் கயிற்றால் கட்டிப் பழைய பேப்பர் கடைக்குக் கிலோ கணக்கில் போட்டார்கள். நான் அன்று விடைத்தாள் திருத்தும் பணிக்குப் போயிருந்தேன். நோட்டு போனதே எனக்குத் தெரியாது.

பள்ளி வாசலில் ஒரு அம்மா பஜ்ஜி போடுவார். பாவம், அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எந்தத் தாள் வந்தாலும் எண்ணெய் உறிஞ்சினால் சரி. இடைவேளையில் ஒரு பையன் இரண்டு வாழைக்காய் பஜ்ஜி வாங்கினான். தின்று முடித்துத் தாளைக் கசக்கப் போனவன் கண்ணில் வகுப்பும் பிரிவும் பட்டன. பெயர் பட்டது. அந்தத் தாளை வகுப்புக்கு எடுத்து வந்து, மேசை மேல் ஏறி நின்று, வாசித்துவிட்டான். என் அழகான கையெழுத்து, ஒரு எழுத்துகூடத் தடுமாறாமல் வாசிக்க முடிந்தது.

அன்று மதியத்துக்குப் பிறகு அந்தப் பிள்ளை பள்ளிக்கு வரவில்லை. அவன் வீட்டுக்கு மூன்று முறை போனேன். முதல் முறை வீடு பூட்டியிருந்தது. இரண்டாவது முறை உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்ல வைத்தான். மூன்றாவது முறை ஒரு சைக்கிள் கடையில் பார்த்தேன். சக்கரத்தைக் கவிழ்த்துப் போட்டுக் கம்பி திருகிக்கொண்டிருந்தான். திட்டுவான் என்று நினைத்தேன், திட்டவில்லை. தலையைத் தூக்காமலே கேட்டான்:

“நான் சொல்றத எழுதுவீங்கன்னு சொல்லவே இல்லையே, சார். சொல்லியிருந்தா அம்மா விஷயத்த மட்டும் விட்டுட்டு மிச்சத்தச் சொல்லியிருப்பேன்.”

(அரங்கத்தில் நீண்ட நேரம் அமைதி.)

எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று அந்தப் பதினாலு வயதுப் பிள்ளைக்கு முடிவெடுக்கத் தெரிந்திருக்கிறது. அந்த முடிவை எடுக்க நான்தான் இடம் கொடுக்கவில்லை. பக்கம் பார்த்துப் பேசு என்றது அப்பாயி. அவன் பக்கம் பார்த்துத்தான் பேசினான், மரத்தடியில் யாருமே இல்லை. என் நோட்டுதான் அவனுக்குத் தெரியாமல் கூட இருந்தது.

இன்றைக்கு நோட்டுக்குப் பதில் கணினி வந்திருக்கிறது, அவ்வளவுதான். பின்லாந்தில் வாஸ்தாமோ என்று ஒரு மனநல சிகிச்சை நிறுவனம் இருந்தது. போதிய பாதுகாப்பு இல்லாத அதன் கணினியிலிருந்து சுமார் 33,000 பேருடைய குறிப்புகளைத் திருடினார்கள். 2020 அக்டோபரில் நோயாளிகளுக்கே நேராக மின்னஞ்சல் போனது, 200 யூரோ கொடு, இல்லையென்றால் நீ சொன்னதை ஊருக்குக் காட்டுவேன் என்று. அதில் சின்னப் பிள்ளைகளும் இருந்தார்கள். குற்றவாளிக்கு 2024-ல் 6 ஆண்டு 3 மாதச் சிறை கிடைத்தது. வெளியே போன சொல் திரும்பி வந்ததா?

அமெரிக்காவில் நடந்தது வேறு மாதிரி. கிரைசிஸ் டெக்ஸ்ட் லைன் என்ற சேவை, குறுஞ்செய்தியில் ஆறுதல் சொல்வது. லட்சக்கணக்கான இளையோருக்கு அது உண்மையாகவே கைகொடுத்தது. அந்த உரையாடல்களைப் பெயர் நீக்கி, தன்னிடமிருந்தே பிரிந்து வந்த ஒரு வணிக நிறுவனத்துக்குக் கொடுத்து வந்தது 2022 ஜனவரியில் வெளியே தெரிந்தது. எதிர்ப்பு கிளம்பி, சில நாளிலேயே நிறுத்தினார்கள். இதில் திருட்டு எதுவும் இல்லை. பயன்படுத்துகிறவர்கள் சம்மதித்தார்கள் என்பதுதான் அவர்கள் தரப்பு. எப்படிச் சம்மதித்தார்கள்? நீண்ட விதிமுறைகளுக்கு ஒரு இணைப்பு இருந்தது. சாகலாமா என்று யோசிக்கிற பிள்ளை அந்த இணைப்பைத் திறந்து படிக்குமா? அதற்குப் பெயர் சம்மதமா?

இங்கேதான் என் கோரிக்கை வருகிறது. நான் ஊர் ஊராகப் பேசி வருவது இதற்காகத்தான். பிள்ளை வாயைத் திறக்கும் முன் அதனிடம் சொல்லிவிடுங்கள். தமிழில் சொல்லுங்கள். ஒரே பக்கத்தில் எழுதி, வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள்.

சட்டமே இதற்கு வழி வைத்திருக்கிறது. 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் விதிகள் வந்தன, முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். தகவல் வாங்கும் முன் தரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலோ படிக்கும் வாய்ப்பு தர வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அந்த 22 மொழிகளில் தமிழும் ஒன்று. ஆனால் நான் பார்த்த மனநலச் செயலிகள் பலவற்றில் பொத்தான் மட்டும் தமிழில் இருக்கிறது, ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று. எதை ஒப்புக்கொள்கிறோம் என்பது ஆங்கிலத்தில் இருக்கிறது! தமிழ் என்றால் ‘தரவு நம்பகப் பொறுப்பாளர்’ மாதிரியான தமிழையும் நான் கேட்கவில்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற தமிழ் போதும். இப்படி இருந்தால் என்ன?

“பாப்பா, உன் பேர் சொல்ல இஷ்டமில்லைன்னா சொல்ல வேண்டாம். நீ பேசறதுல சிலத நான் குறிச்சு வைப்பேன், அடுத்த தடவை நீ பேசும்போது முதல்ல இருந்து சொல்ல வேண்டியது இல்லை பாரு, அதுக்கு. அத நானும் எனக்கு மேல இருக்கற டாக்டரும்தான் பார்ப்போம். உன் உயிருக்கு ஆபத்துன்னா, இல்ல யாராவது உன்கிட்ட தப்பா நடந்துக்கிட்டா, நான் வெளிய சொல்லியே ஆகணும். அப்பவும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்.”

அரை நிமிடம் ஆகுமா? அந்தக் கடைசி விஷயம் ரொம்ப முக்கியம். ‘எல்லாம் ரகசியம்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள், அது பொய். போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி, குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் யாராக இருந்தாலும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் ரகசியத்தை நோயாளியின் உரிமை ஆக்கியிருக்கிறது. ஆனால் உயிருக்கு ஆபத்து போன்ற சில விலக்குகளை அதுவும் வைத்திருக்கிறது. இந்த விலக்குகளைப் பிள்ளை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டாமா? பேசி முடித்த பிறகு தெரிந்தால் என் மாணவன் கேட்டதைத்தான் அதுவும் கேட்கும்.

இன்னொன்று, திரும்ப அழைப்பது. அக்கறையோடுதான் அழைக்கிறார்கள். 2021-ல் நீட் எழுதிய பிள்ளைகளை நம் மாநில அரசின் 104 மருத்துவ உதவி மையத்திலிருந்து அழைத்துப் பேசினார்கள். எவ்வளவு நல்ல காரியம்! ஆனால் நம் வீடுகளில் பிள்ளைக்கு என்று தனி போன் எங்கே இருக்கிறது? அம்மாவின் போனில் ரகசியமாக அழைத்திருக்கும். மறுநாள் அதே எண்ணுக்கு “உங்க பொண்ணு எப்படி இருக்காங்க?” என்று அழைப்பு வந்தால், அந்த வீட்டில் அன்று இரவு என்ன நடக்கும்? “நாங்க திரும்பக் கூப்பிடலாமா, எத்தனை மணிக்கு, யார் எடுப்பாங்க?” என்று கேட்டுக்கொண்டால் தீர்ந்தது. பகலில் பக்கம் பார்த்துப் பேசு என்பது இதுதான்.

பெற்றோர்கள் இங்கே இருக்கிறீர்கள், உங்களுக்கும் ஒரு வார்த்தை. 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது தரவுச் சட்டம். அப்பாவின் குடியைப் பற்றிப் பேச வரும் பிள்ளை அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வருமா? நல்லவேளை, மனநல நிறுவனங்களுக்கும் மருத்துவர்களுக்கும், குழந்தையின் நலத்தைக் காக்கத் தேவையான அளவுக்கு, விதிகளில் விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கதவு திறந்தே இருக்கட்டும். அதன் வழியாக விளம்பரக் கம்பெனி உள்ளே நுழையாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது அரசு. “என்கிட்ட சொல்லாம எவன்கிட்டயோ சொல்லியிருக்கா” என்று மட்டும் தயவுசெய்து கோபப்படாதீர்கள். யாரிடமோ சொன்னதால்தான் உங்கள் பிள்ளை உங்களோடு இருக்கிறது.

அமைப்பாளர் மணிக்கட்டைக் காட்டுகிறார். மருத்துவர் ஐயாவும் பேச வேண்டும், அவர் இன்னும் சாப்பிடவில்லை. மூன்றாவதாகச் சொன்னேனே, விட்டுவிடுவது, வேலை முடிந்ததும் தகவலை அழித்துவிடுவது. அதைத் தனியாக ஒருநாள் பேசலாம். நோட்டைக் கிழித்துப் போடுங்கள், கடைக்குப் போடாதீர்கள் என்பது மட்டும் இன்றைக்கு.

வெளியே, வாசல் மேசையில் நீலத் தாள் ஒன்று வைத்திருக்கிறோம். எல்லா உதவி எண்களிலும் பள்ளி ஆலோசனை அறைகளிலும் அந்த ஒரு பக்கத் தமிழ் அறிவிப்பு வேண்டும் என்று சமூக நலத்துறைக்கு எழுதிய விண்ணப்பம் அது. படித்துப் பார்த்துப் பிடித்திருந்தால் கையெழுத்துப் போடுங்கள். அச்சடித்தபோது கைப்பேசி எண்ணுக்கு ஒரு கட்டமும் முகவரிக்கு ஒரு கட்டமும் இருந்தன, இரண்டையும் நேற்று ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு தாளிலும் கோடு போட்டு அடித்துவிட்டேன். பெயரும் ஊரும் போதும். பெயர் எழுதத் தயக்கமாக இருந்தால் ஊரை மட்டும் எழுதுங்கள். தாளைத் துறையில் கொடுத்துவிடுவோம், எங்களிடம் நகல் இருக்காது.

நன்றி, வணக்கம்.