ஆரம்பிச்சவங்க போயிட்டா செட்டும் போயிடுமா? போகாதுன்னு நான் பேசுனது

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில உக்காந்துக்கிட்டு இப்பவே சிரிச்சிக்கிட்டு இருக்கற மூணு பேருக்கும், கோயில் திடல்ல பாய் விரிச்சு உக்காந்திருக்கற தாய்மார்களுக்கும், பின்னாடி வண்டிய விட்டு எறங்காமலே பட்டிமன்றம் கேக்கற தம்பிமாருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் கரகரங்குது, என் தொண்டையும் அப்படித்தான், ரெண்டும் ஒண்ணா போயிடும்.

தலைப்ப ஒருதடவ சொல்லிடறேன், முன்னாடி பேசின அக்கா போன வேகத்துல எனக்கே மறந்துபோச்சு. ஆரம்பிச்ச ஆளுங்க எல்லாரும் போனதுக்கப்புறமும் ஒரு இசைக்குழு அதே குழுதானா? அதே குழுதான்ங்கறது எங்க கட்சி. இல்ல, வெறும் போர்டுதான் மிச்சம்ங்கறது அவங்க கட்சி.

இப்ப எதிரணி என்ன நெனச்சிக்கிட்டு இருக்காங்கன்னா, இவன் கும்மோணத்துக்காரன், வந்த உடனே "காவேரியில தண்ணி மாறிக்கிட்டே இருக்கு, ஆனா காவேரி மாறல"ன்னு ஆரம்பிப்பான், அதுக்கு ஒரு பதில் ரெடியா பேப்பர்ல எழுதி வச்சிருக்காங்க, நான் பாத்துட்டேன். சொல்லமாட்டேங்க்கா. ஜூன் 12 மேட்டூர் தொறப்பானா மாட்டானான்னு வருஷா வருஷம் அண்ணாந்து பாத்துக்கிட்டு இருக்கற கடைமடைக்காரங்க முன்னாடி "தண்ணி மாறிக்கிட்டே இருக்கு"ன்னு சொன்னா எந்திரிச்சு வந்து அடிப்பாங்க. வந்தாத்தானேய்யா மாறும்.

அக்கா சொன்ன மொத விஷயத்துக்கு வர்றேன். "இதோ பக்கத்துல திருவாவடுதுறை, நாயனச் சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளை 1956ல போனாரு, அதோட அவர் வாசிச்ச அந்தத் தோடி ராகமும் போச்சு, அவர் இல்லாம அவர் செட்டுன்னு ஒண்ண யாராவது கூட்டிக்கிட்டு வந்தா நீங்க ஒத்துப்பீங்களா"ன்னு கேட்டாங்க, நீங்களும் கைதட்டினீங்க. ஒத்துக்கமாட்டேன்க்கா. அது ஆள் பேர்ல நடக்கற கச்சேரி. நம்ம பக்கம் கல்யாணப் பத்திரிகை வச்சா "எந்த மண்டபம்"னு கேக்கறதுக்கு முன்னாடி "யாரு நாயனம்"னு கேட்ட ஊரு இது, "எந்த செட்டு"ன்னு கேக்கல, "யாரு"ன்னு கேட்டாங்க. அதுல ஆள்தான் எல்லாம். அத வச்சு குழுவ அளக்கக்கூடாது. ஆனா ஒண்ணு, அவர்கிட்ட இருந்து வாசிச்சுப் பழகின காருகுறிச்சி அருணாசலம், திருநெல்வேலிச் சீமைக்காரர், இந்த மண்ணுல பொறக்கல, அவர் வாசிச்சா நம்ம பெருசுங்க கண்ண மூடிக்கிட்டு "இது திருவாவடுதுறை"ன்னு சொன்னாங்கன்னு எங்க பெரியப்பா சொல்வாரு. அத ஓரமா வச்சிக்கோங்க, கடைசியில தேவப்படும்.

அடுத்து அந்த இன்ஜினியரிங் படிக்கற தம்பி. நடுவர் ஐயா, நான் பாத்திரக்கடையில கணக்கு எழுதறவன், இந்தத் தம்பி இங்கிலீஷ் பேண்டு பேரா அடுக்கப்போறான்னு தெரிஞ்சு மூணு நாளா ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போன நோண்டிக்கிட்டு உக்காந்திருந்தேன், வீட்ல சந்தேகமே வந்துபோச்சு. தம்பி என்ன சொன்னாரு, லெட் செப்ளின்ல 1980ல டிரம்ஸ்காரர் ஜான் பான்ஹம் செத்ததும் மத்தவங்க "அவர் இல்லாம நாங்க இல்ல"ன்னு கடையச் சாத்திட்டாங்கன்னு. சரி. சாத்தினது யாரு, உள்ள இருந்தவங்க. அது அவங்க எடுத்த முடிவு, கும்புட்டுக்கறேன். எல்லா வீட்லயும் அப்படித்தான் செய்யணும்னு அதுக்கு அர்த்தமா?

நான் வேற ஒரு கதை சொல்றேன், இது எனக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு. 1967ல லண்டன்ல பீட்டர் கிரீன்னு ஒரு கிட்டார்காரர் குழு ஆரம்பிக்கறாரு. அவர்தான் ஹீரோ, அவர்தான் பாட்டு, ஆனா பேர் தன் பேர வைக்கல. டிரம்ஸ் வாசிக்கற மிக் ஃப்ளீட்வுட், பேஸ் கிட்டார் ஜான் மெக்வி, இந்த ரெண்டு பேர் பேரையும் ஒட்டவச்சு ஃப்ளீட்வுட் மேக்னு வச்சாரு. இதுல கூத்து என்னன்னா, பேர் வச்சப்ப மெக்வி குழுவுலயே இல்ல, வேற எடத்துல வாசிச்சிக்கிட்டு இருக்காரு. நம்ம ஊர்ல முறுக்கிக்கிட்டு நிக்கற தாய்மாமன் பேர மொத ஆளா பத்திரிகையில அடிச்சு அவர வரவழைப்போம்ல, அதே டெக்னிக். கொஞ்ச நாள்ல மெக்வியும் வந்துட்டாரு.

1970ல பீட்டர் கிரீன் போயிட்டாரு. ஆரம்பிச்சவரே போயாச்சு, எதிரணி கணக்குப்படி அன்னைக்கே பாடை கட்டியிருக்கணும். அப்புறம் 1974ல அவங்க மேனேஜர் என்ன பண்றாரு, பேரு என்னுதுன்னு சொல்லிக்கிட்டு, இவங்க ஒருத்தர் கூட இல்லாம சம்பந்தமே இல்லாத ஆளுங்களப் புடிச்சு ஃப்ளீட்வுட் மேக்னு பேர் போட்டு அமெரிக்காவுக்குக் கச்சேரிக்கு அனுப்பிட்டாரு. டிக்கெட் வாங்கி வந்த ஜனம் விடுமா, ஏமாத்தறீங்களான்னு சண்ட, கோர்ட்டு, கேஸு. அதே வருஷக் கடைசியில உண்மையான குழுவுக்குள்ள ரெண்டு பேர் புதுசா வர்றாங்க, லிண்ட்சி பக்கிங்ஹாம், ஸ்டீவி நிக்ஸ், அமெரிக்காக்காரங்க, பீட்டர் கிரீன் வாசிச்ச பழைய ப்ளூஸ் பாட்டுக்கும் இவங்களுக்கும் ஏணி வச்சாலும் எட்டாது. 1977ல இவங்க சேந்து போட்ட ரூமர்ஸ் ஆல்பம் கோடிக்கணக்குல வித்துச்சு. இன்னைக்கு உலகத்துல எவன்கிட்ட ஃப்ளீட்வுட் மேக்னாலும் அவன் மனசுல வர்றது இந்தப் பின்னாடி வந்தவங்க முகம்தான்.

ரெண்டுலயும் பேரு ஒண்ணுதான். ரெண்டுலயும் புது ஆளுங்கதான். ஒண்ண ஜனம் தொரத்தியடிச்சுது, இன்னொண்ண தலையில தூக்கி வச்சுக்கிச்சு. ஏன்? ரெண்டாவதுல புதுசா வந்தவன் பழைய டிரம்ஸுக்கு முன்னாடி நின்னு பாடினான், பழைய பேஸ் கிட்டார் பக்கத்துல உக்காந்து வாசிச்சான். மேனேஜர் அனுப்பின கூட்டத்துக்கு அந்த பக்கத்துல ஒக்கார்ற பாக்கியம் இல்ல. அதனால அக்கா, போர்டு மட்டும் இருந்தா போதும்னு நான் சொல்லவே இல்ல, அத என் தலையில கட்டாதீங்க.

"அப்ப பழைய ஆள் இருந்தாத்தானே, எங்க கட்சிக்கு வந்துட்டீங்களே"ன்னு தம்பி துள்றாரு. இருங்க தம்பி. டீப் பர்ப்பிள்னு இன்னொரு இங்கிலீஷ் பேண்டு. 1968ல ஆரம்பிச்சப்ப பாடினவர் ராட் எவன்ஸ். மறுவருஷமே அவர மாத்திட்டு இயன் கில்லன் வந்தாரு, உலகத்துக்கே தெரிஞ்ச பாட்டெல்லாம் கில்லன் பாடினது. 1976ல குழு கலைஞ்சு போச்சு. 1980ல இந்த ராட் எவன்ஸ் யாரோ நாலு பேர சேத்துக்கிட்டு டீப் பர்ப்பிள்னு கச்சேரி பண்ணக் கெளம்பினாரு. உங்க சட்டப்படி அசல் ஆள், ஆரம்பிச்ச ஆள், மொத நாள் மைக் புடிச்ச ஆள். என்ன ஆச்சு? போலின்னு சொன்னாங்க, கேஸ்ல தோத்தாரு. ஆரம்ப ஆள் நின்னும் போலி! பீட்டில்ஸ் மட்டும் என்ன, ரிங்கோ ஸ்டார் 1962ல பீட் பெஸ்ட்ட எடுத்துட்டு உள்ள போட்ட ஆளு, அவர் இல்லாத பீட்டில்ஸ் போட்டோவ யாராவது சட்டையில அடிச்சுப் போட்டுக்கறானா.

ஒண்ணு நானே ஒத்துக்கறேன், இல்லாட்டி கடைசிச் சுற்றுல தம்பி தூக்கிட்டு வருவாரு. சுகபேப்ஸ்னு மூணு பொண்ணுங்க, 1998ல ஆரம்பிச்சாங்க. 2001ல ஒரு பொண்ணு போச்சு, வேற பொண்ணு வந்துச்சு. 2005ல இன்னொண்ணு. 2009ல மூணாவதும் போயி, ஆரம்பிச்ச ஒருத்தர் கூட இல்லாம குழு ஓடுச்சு. நான் சொன்ன மாதிரி ஒவ்வொருத்தியும் பழையவ பக்கத்துல நின்னு பாடினவதான், கணக்கு சரியாத்தான் வருது. ஆனா ஜனம் ஏத்துக்கல. ரொம்ப நாள் கழிச்சு 2019ல அந்தப் பேரு மொத மூணு பொண்ணுங்ககிட்டயே திரும்பி வந்துச்சு. கடைசியா போன பொண்ணு "நானா போகல"ன்னு சொன்னாங்க, மனசார குடுத்துட்டுப் போறதுக்கும் வெளிய தள்றதுக்கும் வித்தியாசம் இருக்குன்னு நான் சமாளிக்கலாம். ஆனா நடுவர் ஐயா, இது என்னை இடிக்குது, இடிக்கலன்னு பொய் சொல்லமாட்டேன். இந்த மார்க்க வேணா அவங்களுக்குப் போட்டுக்கோங்க.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம், இங்கிலீஷ் பேர் சொல்லிச் சொல்லி நாக்கு சுளுக்கிடுச்சு.

ஆடுதுறைக்குப் பக்கத்துல நரசிங்கம்பேட்டை, நாயனம் செய்யற ஊரு, 2022ல புவிசார் குறியீடே வாங்கிட்டாங்க. புது ஆச்சா மரத்த வெட்டி நாயனம் செய்யமாட்டாங்க ஆசாரிங்க. பழைய வீடு இடிக்கறாங்கன்னா அங்க ஓடுவாங்க, நூறு வருஷம் காஞ்ச தூணு, உத்தரம், அதுலதான் கடைவாங்க. சரி, வாசிக்கறவர் வாயில வைக்கறது என்ன? சீவாளி. காவேரிக்கரை நாணல். பதப்படுத்தி, வெட்டி, நூல் சுத்திக் கட்டினது, எத்தன நாளைக்கு வரும்? அது பாட்டுக்குக் கிழியும், நமுக்கும், மாத்திக்கிட்டே இருப்பாங்க, நாயனத்துலயே கொத்தா நாலு சீவாளி தொங்கும் பாருங்க, அதெல்லாம் ஸ்பேர் பார்ட்ஸ்தான். சத்தம் பொறக்கறதே அந்தச் சீவாளியிலதான், மரத்துல இல்ல. அப்படி இருந்தும் சீவாளி மாத்தினா யாராவது "புது நாயனம்"னு சொல்றோமா? ஆனா புதுச் சீவாளிய கடையில வாங்கின சூட்டோட கல்யாணத்துல வச்சு வாசிக்கமாட்டாரு வித்வான். எச்சில் பட்டு, பழகி, அந்த நாயனத்தோட ஒத்துப்போகணும். எல்லாமே அந்தப் பழகற காலத்துலதாங்க இருக்கு.

மெலட்டூர்ல நரசிம்ம ஜெயந்திக்குப் பாகவத மேளா நாடகம் பாத்தவங்க இங்க நெறைய பேர் இருப்பீங்க. ராத்திரி ஆரம்பிச்சா விடியற வரைக்கும், பொம்பள வேஷமும் ஆம்பளைங்களே கட்டுவாங்க, தலைமுறை தலைமுறையா அதே குடும்பங்க. பிரகலாத சரித்திரத்துல கடைசியில நரசிம்ம முகம் கட்டிக்கிட்டு வரும்போது திடல்ல ஒரு சத்தம் இருக்காது. அந்த முகத்துக்குப் பூஜை நடக்குது, கட்டிக்கற ஆளு விரதம் இருக்காரு. முன்னாடி கட்டினவரு யாரு, அதுக்கு முன்னாடி யாருன்னு எவனும் கேக்கறதில்ல. "மெலட்டூர் நாடகம்"தான்.

சரி, நேரம் ஆகுதுன்னு நடுவர் வாட்ச்ச பாக்கறாரு. எங்க ஊர் பேண்டு செட்டு கதைய மட்டும் சொல்லிட்டு உக்காந்துடறேன்.

நான் பொறக்கறதுக்கு முன்னாடி எங்க பெரியப்பாவும் இன்னும் மூணு பேரும் சேந்து ஆரம்பிச்சது. செகப்பு கோட்டு, தோள்ல ஜிகினா குஞ்சம், பெரியப்பா கிளாரினெட். அறுப்பு முடிஞ்சு தை பொறந்தா மாப்ள அழைப்புக்கு கையில பணம் வச்சிக்கிட்டு ஆளுங்க வீட்டு வாசல்ல நிப்பாங்க. இப்ப அந்த நாலு பேர்ல ஒருத்தரும் இல்ல. பெரியப்பாவும் போயிட்டாரு, கிளாரினெட் இப்ப அவர் பேரன் இல்ல, பேரனுக்கு இதெல்லாம் புடிக்கல, சென்னையில வேலை, பக்கத்துத் தெரு பையன் ஒருத்தன் வாசிக்கறான். நடுவுல இன்னொன்னும் நடந்துச்சு, நாலு பேர்ல ஒருத்தர் கோச்சுக்கிட்டு பக்கத்து ஊருக்குப் போயி அதே பேர்ல போட்டி செட்டு போட்டாரு. ஆரம்ப ஆள்தான் அவரும். ரெண்டு வருஷம் கூட ஓடல. "என்னமோ கொறையுதுப்பா"ன்னு ஜனம் சொல்லுச்சு, என்ன கொறையுதுன்னு ஒருத்தருக்கும் சொல்லத் தெரியல.

எனக்குத் தெரிஞ்சுது போன வைகாசியில.

அந்த நாலு பேர்ல பெரிய டிரம் அடிச்சவருக்கு ஒரு கால் இழுத்து நடக்கும். நேரா போறப்ப ஒண்ணும் தெரியாது, தெருமொன திரும்பறப்பதான் கஷ்டம், டிரம்ம தூக்கிக்கிட்டு அந்தக் கால நகத்தி வைக்க ஒரு அடி லேட் ஆகும். அதுக்காக மொனையில ஒரு அடிய விட்டுட்டு, கால் வந்து சேந்ததும் டும்முனு ஒண்ணு வைப்பாரு. மத்த எல்லாரும் அந்த எடத்துல மூச்சு புடிச்சிக்கிட்டு அவருக்காக நிப்பாங்க. அவர் போயி பல வருஷம் ஆச்சு. அவருக்கு அப்புறம் அடிச்சவர் சின்ன வயசுல அவர் பின்னாடி ஜால்ரா தட்டிக்கிட்டே நடந்தவரு, அவரும் விட்டுட்டாரு, அவர் பின்னாடி நடந்த பையன்தான் இப்ப அடிக்கறான். இருபத்திரண்டு வயசு, ரெண்டு காலும் நல்லா இருக்கு, கபடி ஆடறவன்.

வைகாசியில ஒரு கல்யாணம், நான் வீட்டுக்குள்ள சட்ட மாட்டிக்கிட்டு இருக்கேன், ரெண்டு தெரு தள்ளி சத்தம் வருது. எங்க பெரியம்மா, எண்பது வயசு, கண்ணு சரியா தெரியாது, திண்ணையில உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்துச்சு. கோயில் மொனையில டிரம் ஒரு அடி நின்னு, அப்புறம் டும்முனு விழுந்துச்சு. "நம்ம செட்டு திரும்பிடுச்சுடா, வெரசா கெளம்பு"ன்னுச்சு.

அன்னைக்கு சாப்பாட்டுப் பந்தியில அந்தப் பையன் பக்கத்துல உக்காந்து கேட்டேன், ஏன்டா தம்பி மொனையில ஒரு அடிய விடறன்னு. அவனுக்கு அந்தப் பெரியவரத் தெரியாது, கால் விஷயமும் தெரியாது. சாம்பார ஊத்திக்கிட்டே சொல்றான், "மொனையில அப்படித்தாண்ணே அடிக்கணும்."

மணி அடிச்சுட்டீங்க ஐயா, வணக்கம்.