ஒரு மிட்டாய்க்காகவா காட்டிக்கொடுத்தான்? 'நார்னியா' படத்தில் நாம் கவனிக்காமல் விட்டது

[திரை இருண்டிருக்கிறது. மர அலமாரியின் கதவு மெல்லத் திறக்கும் ஓசை.]

பத்து வயதிருக்கும் ஒரு பையன். பனி மூடிய காட்டில், முன்பின் தெரியாத ஒருத்தி அவனைத் தன் வண்டியில் ஏற்றிக்கொள்கிறாள். சாப்பிட என்ன வேண்டும் என்று கேட்கிறாள். அவன் மிட்டாய் கேட்கிறான். அரசனாக்குகிறேன் என்றும் அவள் ஆசை காட்டுகிறாள். ஆனால் பையன் முதலில் விழுந்தது அந்த மிட்டாயில்தான். கூடப் பிறந்த மூன்று பேரையும் அவளிடம் அழைத்துவரச் சம்மதித்துவிடுகிறான்.

போன மாதம் அக்கா மகளோடு உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்த்தேன். இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். இந்தக் காட்சி வந்ததும் கோபத்தில் எழுந்தே நின்றுவிட்டாள். "மாமா, ஒரு மிட்டாய்க்காகவா?" என்றாள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், எதுவும் வரவில்லை. அந்தப் பதிலைத் தேடிப் போனபோது கிடைத்தவற்றைத்தான் இன்று உங்களிடம் சொல்லப்போகிறேன். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்காரவையுங்கள்.

[திரையில்: படத்தின் தலைப்பு]

முன்கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். படம் 'தி க்ரானிக்கிள்ஸ் ஆஃப் நார்னியா: தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்'. வெளியான ஆண்டு 2005. இயக்குநர் நியூசிலாந்துக்காரரான ஆண்ட்ரூ ஆடம்சன். சி.எஸ். லூயிஸ் 1950-இல் வெளியிட்ட சிறுவர் நாவல்தான் மூலக்கதை. பீட்டர், சூசன், எட்மண்ட், லூசி என்று நான்கு உடன்பிறப்புகள். இரண்டாம் உலகப் போரில் லண்டனில் குண்டு விழுகிறது என்று கிராமத்துப் பெரிய வீடு ஒன்றுக்கு அனுப்பப்படுகிறார்கள். அங்கே ஒரு மர அலமாரி. அதற்குள் நார்னியா என்று ஒரு உலகம். மிட்டாய் கேட்ட பையன்தான் எட்மண்ட்; வண்டியில் ஏற்றிக்கொண்டவள் அந்த உலகத்தை ஆளும் சூனியக்காரி. அவ்வளவுதான். இனி மிட்டாய்க்கு வருவோம்.

[மேசைமீது ஒரு தட்டு. இளஞ்சிவப்புத் துண்டுகள், மேலே வெள்ளைப் பொடி.]

இதுதான் அது. டர்கிஷ் டிலைட். துருக்கியில் இதன் பெயர் லோக்கும். இதை நானே கிளறினேன். சர்க்கரைப் பாகு, அது மறுபடி சர்க்கரையாக உறைந்துவிடாமல் இருக்கச் சில துளி எலுமிச்சைச் சாறு, தண்ணீரில் கரைத்த கார்ன்ஃப்ளார், கடைசியில் பன்னீர். கோதுமைப் பால் எடுத்து அல்வா கிளறியவர்களுக்கு இந்தக் கைவேலை புதிதல்ல. முதலில் கஞ்சிபோல் வெளுத்துக் கிடக்கும். கிளறக் கிளறக் கண்ணாடிபோலத் தெளியும். தோள்பட்டை வலிக்க ஆரம்பிக்கும் நேரத்தில்தான் கரண்டியை விட்டு விலகும் பதம் வரும். தட்டில் ஊற்றி, ஓர் இரவு ஆறவிட்டு, வெட்டிப் பொடித்த சர்க்கரையில் புரட்ட வேண்டும்.

இந்த ஒரு தட்டுக்கு அரை கிலோ சர்க்கரை செலவானது. அந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் சர்க்கரைக்கு ரேஷன் வந்தது 1940 ஜனவரியில். போர்க் காலத்தின் பெரும்பகுதியில் ஓர் ஆளுக்கு வாரத்துக்குக் கிடைத்தது எட்டு அவுன்ஸ், அதாவது சுமார் 225 கிராம். இந்தத் தட்டில் இருப்பது ஒருவருடைய இரண்டு வாரச் சர்க்கரைக்கும் மேல்! தேநீருக்குக்கூட மிச்சம் வைக்காமல் போட்டிருந்தாலும் போதாது.

[சமையலறைத் தராசு. அதன்மேல் சில மிட்டாய்கள்.]

1942-இல் மிட்டாய்க்கே தனியாக ரேஷன் வந்தது. பெரும்பாலும் நான்கு வாரத்துக்குப் பன்னிரண்டு அவுன்ஸ். வாரத்துக்கு என்று பிரித்தால் 85 கிராம். தராசில் பாருங்கள், இவ்வளவுதான். என் அக்கா மகளின் கைக்குள் அடங்கிவிடுகிறது. திங்கள் முதல் ஞாயிறு வரை இதை வைத்து ஓட்ட வேண்டும்.

அடுத்து வருவதுதான் என்னை உட்காரவிடாமல் செய்த தகவல். போர் முடிந்தது 1945-இல். மிட்டாய் ரேஷன் முடியவில்லை. 1949 ஏப்ரலில் எடுத்துப் பார்த்தார்கள். ஜனங்கள் கடைகளைத் துடைத்துக் காலி செய்துவிட்டார்கள். தட்டுப்பாடு தாங்காமல் அதே ஆகஸ்டில் மறுபடியும் ரேஷன். கடைசியாக ஒழிந்தது 1953 பிப்ரவரியில். லூயிஸின் புத்தகம் கடைக்கு வந்தது 1950 அக்டோபரில். அதாவது, பெட்டி நிறைய மிட்டாய் தின்னும் எட்மண்டைப் பற்றி முதன்முதலில் படித்த குழந்தைகள், கூப்பனைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றவர்கள். நமக்கு அது ஒரு தீனி. அந்தக் குழந்தைகளுக்கு அது, எட்டிப் பிடிக்க முடியாத வேறோர் உலகம். மந்திரம் போட்ட மிட்டாய், தின்னத் தின்ன ஆசை அடங்காது என்று நாவல் சொல்கிறது. மந்திரமே போடாவிட்டாலும் அந்த வயதில், அந்த நாட்களில், நான் விழுந்திருப்பேன் என்றுதான் தோன்றுகிறது.

[விமானங்களின் இரைச்சல்.]

இந்தப் படத்தை நான் மதிப்பதற்குக் காரணம் இதன் முதல் காட்சி. நாவலில் போர் ஒரே வாக்கியத்தில் கடந்துபோகிறது. ஆடம்சனோ படத்தையே குண்டுவீச்சில் தொடங்குகிறார். எல்லாரும் பதுங்குகுழிக்கு ஓடும்போது எட்மண்ட் மட்டும் திரும்பி வீட்டுக்குள் ஓடுகிறான். போருக்குப் போயிருக்கும் அப்பாவின் புகைப்படத்தை எடுக்க. பின்னால் அவனைத் துரோகி என்று நாம் திட்டப்போகிறோம்; அதற்கு முன்பே அவன் எதற்காக உயிரைப் பணயம் வைத்தான் என்று காட்டிவிடுகிறார். இதைவிட அழகாக ஒரு குழந்தையின் பக்கம் நின்று பேசிய காட்சி எனக்கு நினைவில்லை.

பிறகு ரயில் நிலையம். குழந்தைகளின் சட்டையில் அட்டை குத்தி அனுப்புவது கற்பனை இல்லை. 1939 செப்டம்பர் 1-ஆம் தேதி பிரிட்டன் இதைத் தொடங்கியது. முதல் சில நாட்களில் மட்டும் ஏறக்குறைய 15 லட்சம் பேர் நகரங்களிலிருந்து அனுப்பப்பட்டார்கள். அதில் பாதிக்கு மேல் பள்ளிக் குழந்தைகள். ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகே லூயிஸின் சொந்த வீட்டுக்கும் அப்படிச் சில சிறுமிகள் வந்து தங்கினார்கள். 1942-இல் ஜப்பானியக் குண்டுக்குப் பயந்து சென்னையைக் காலி செய்து ஓடிய கதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருந்தால், கீழே கட்டாயம் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் படிப்பேன்.

[பனிக்காடு. நடுவே ஒரு தெருவிளக்கு.]

அதே செப்டம்பர் 1 இன்னொன்றுக்கும் தொடக்கம்: இருட்டடிப்பு. எதிரி விமானத்துக்கு ஊர் தெரியக் கூடாது என்று தெருவிளக்குகளை எல்லாம் அணைத்தார்கள். ஜன்னல்களில் கறுப்புத் துணி. பாதசாரிகளுக்குத் தெரிவதற்காக நடைபாதை ஓரங்களில் வெள்ளைச் சாயம். மாலை ஆனால் லண்டன் முழுவதும் கும்மிருட்டு. இப்போது லூசியைப் பாருங்கள். கம்பளிக் கோட்டுகளை விலக்கிக்கொண்டு உள்ளே போகிறாள். காட்டுக்குள் அவள் முதலில் காண்பது என்ன? எரிந்துகொண்டிருக்கும் ஒரு தெருவிளக்கு! எத்தனை முறை பார்த்திருப்பேன், அழகுக்காக வைத்த பொருள் என்றே நினைத்திருந்தேன். தன் ஊரில் அணைந்துபோன விளக்கைத்தான் அந்தக் குழந்தை அலமாரிக்குள் பார்க்கிறாள். லூயிஸ் இதை எண்ணித்தான் எழுதினாரா என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் இருட்டடிப்பில் வளர்ந்த குழந்தை அதைப் படித்தபோது நெஞ்சு துள்ளியிருக்கும்.

லூசியாக நடித்த ஜார்ஜி ஹென்லிக்கு அப்போது எட்டு, ஒன்பது வயது. அதுதான் முதல் படம். அந்தப் பனிக்காட்டு அரங்கை அவளுக்கு முன்கூட்டிக் காட்டவே இல்லை. கண்ணைக் கட்டித் தூக்கிக்கொண்டுபோய் நிறுத்தினார்கள். அவள் திரும்பிப் பார்க்கும்போது முகத்தில் விரியும் அந்தச் சிரிப்பு நடிப்பு அல்ல. படத்தை நிறுத்தி, அந்த முகத்தை மட்டும் ஒரு முறை பாருங்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒப்பனைக்கு ஆஸ்கர் கிடைத்தது. சிங்கம் அஸ்லான் பெரும்பாலும் கணினியில் உருவானது. அதைச் செய்த ரிதம் அண்ட் ஹ்யூஸ் நிறுவனம்தான் பிறகு 'லைஃப் ஆஃப் பை' படத்தில் புதுச்சேரிப் பையனோடு படகில் மிதந்த புலியையும் செய்தது. துருக்கிய மொழியில் 'அஸ்லான்' என்றாலே சிங்கம். கடைசிப் போர் எனக்குக் கொஞ்சம் நீளம். ஆனால் பறக்கும் மிருகங்கள் மேலிருந்து பாறைகளைப் போடும் இடத்தை விட்டுவிடாதீர்கள். முதல் காட்சியின் விமானங்கள்தான் அங்கே திரும்பி வருகின்றன.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். படம் முடிந்ததும் குழந்தைகள் பீரோவுக்குள் புகுவார்கள். உள்ளே போனால் கதவை மூடிக்கொள்ளக் கூடாது என்று லூயிஸே நாவலில் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறார். நீங்களும் சொல்லிவையுங்கள்.

[மறுபடியும் தட்டு. ஒரு சின்னக் கை நீள்கிறது.]

தராசைக் காட்டி, ரேஷன் கதை முழுவதையும் அக்கா மகளிடம் சொன்னேன். ஒரு துண்டை எடுத்து மெதுவாகத் தின்றாள். விரலில் ஒட்டிய சர்க்கரையை நக்கினாள். வெகுநேரம் யோசித்தாள்.

"சரி மாமா, பாவம்தான். ஆனால் லூசிக்கு ஒரு துண்டாவது எடுத்துக்கொண்டு போயிருக்கலாம் இல்லையா?"