தட்டு இருக்கிறது, பிளேயர் இல்லை: மினிடிஸ்க்கின் கதை

[திரையில்: உள்ளங்கையில் அடங்கும் நீலப் பிளாஸ்டிக் உறை. விரலால் தள்ள, உலோக மூடி நகர்கிறது.]

வணக்கம். இது மினிடிஸ்க் என்ற ஒலிப்பதிவுத் தட்டு. இந்தச் சிறிய உறைக்குள், மணக்குடிப் பக்கத்துச் சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் 2001ஆம் ஆண்டு விடிய விடிய நடந்த வில்லுப்பாட்டின் ஒரு பகுதி இருக்கிறது; மீதி இதே போன்ற இன்னும் இரண்டு தட்டுகளில் உள்ளது. மூன்றிலும் ஒரு கீறல்கூட இல்லை. ஆயினும் அந்த வில்லுப்பாட்டைத் தலைமையேற்றுப் பாடிய அண்ணாவியின் குரலைப் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக எங்கள் வீட்டில் எவரும் கேட்கவில்லை. மஸ்கட்டிலிருந்து மாமா கொண்டுவந்த பிளேயர் ஓடாமல் போனதுதான் காரணம்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மினிடிஸ்க்கைச் சோனி நிறுவனம் 1992இல் வெளியிட்டது. ஜப்பானில் அது பெரிதும் ஓடியது. மற்ற நாடுகளில் எழுதத்தக்க சிடியும் எம்பி3 பிளேயரும் அதை ஓரங்கட்டின.

இனி, எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருவோம். பதிவு செய்யத்தக்க மினிடிஸ்க் ஒளித்தட்டு மட்டுமன்று, காந்தத்தட்டும்கூட. பழைய தபால் பைகளில் அரக்கு முத்திரை வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: அரக்கை உருக்கி, இளகியிருக்கும் நொடியில் முத்திரையை அழுத்தினால், ஆறிய பின் அந்த அச்சு அப்படியே நிற்கும். இங்கே கீழிருந்து லேசர் ஒளி, தட்டின் ஒரு நுண்புள்ளியை ஏறத்தாழ 180 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறது. அந்த வெப்பத்தில் புள்ளி தன் பழைய காந்தத் திசையை இழக்க, மேலிருந்து தட்டைத் தொட்டு நிற்கும் காந்தமுனை புதிய திசையைப் பதிக்கிறது. புள்ளி ஆறியதும் பதிவு உறைந்துவிடுகிறது. கேட்கும்போது அதே லேசர் மங்கலாக விழ, திரும்பி வரும் ஒளியின் அலைவுத்தளம், அதாவது ஒளியலை அதிரும் திசை, காந்தத் திசைக்கேற்ப ஒரு டிகிரிக்கும் குறைவாகத் திரும்புகிறது. அந்த மிகச் சிறிய திருப்பத்தை அளந்துதான் பிளேயர் குடத்தின் ஒலியையும் உடுக்கின் ஒலியையும் மீட்டுத் தருகிறது. 64 மில்லிமீட்டர் அகலத் தட்டில் 74 நிமிடம் பதியும். ஒற்றைத்தட (மோனோ) ஒலியாக வைத்தால் 148 நிமிடம். மாமா ஒற்றைத்தடத்தில் வைத்ததால்தான் ஓர் இரவு முழுவதும் மூன்று தட்டுக்குள் அடங்கியது.

இந்த அழகே இப்போது வினையாகியிருக்கிறது. கேசட் பிளேயரில் ரப்பர் பெல்ட் தளர்ந்தால் நாகர்கோவிலில் பழுது பார்ப்பவர் வேறொன்றை மாட்டிவிடுவார். இன்றும் எங்கோ புதிய கேசட் பிளேயர்கள் செய்யப்படுகின்றன. மினிடிஸ்க்கின் லேசர் மங்கிப்போனால், இன்னொரு பழைய பிளேயரைப் பலி கொடுத்து அதன் லேசரை எடுப்பதைத் தவிரப் பெரும்பாலும் வழியில்லை. நான் கொண்டுபோன பிளேயரைத் திறந்து பார்த்த மெக்கானிக், உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்த சர்க்யூட்டைக் காட்டி, “இது கடலோர வீட்டுல இருந்த சாமானில்லா?” என்று மட்டும் கேட்டார்.

சோனி தன் கடைசி மினிடிஸ்க் பிளேயரை 2013 மார்ச் மாதத்துடன் நிறுத்தியது. வெற்றுத் தட்டுகளை மட்டும் 2025 பிப்ரவரி வரை தொடர்ந்து செய்தது. விளக்குச் செய்வதை நிறுத்திவிட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் திரி விற்ற கதைதான் இது. எனக்கு அதில் கோபத்தைவிடச் சிரிப்பே அதிகம் வருகிறது. இன்று எந்த நிறுவனமும் புதிய பிளேயர் செய்வதில்லை. பழைய பதிவுகளை யுஎஸ்பி வழியாகக் கணினிக்கு மாற்றுவதற்கென்று சோனி 2006இல் வெளியிட்ட எம்இசட்-ஆர்எச்1 என்ற கருவிக்குப் பழைய சந்தையில் கேட்கும் விலையைப் பார்த்தபின், நான் அதைத் தேடுவதையே விட்டுவிட்டேன்.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். குளச்சலிலோ மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ வளைகுடாவிலிருந்து திரும்பிய எவரேனும் உங்கள் வீட்டில் இருந்தால், அலமாரியின் அடித்தட்டை ஒருமுறை பாருங்கள். மினிடிஸ்க் பிளேயர் கிடைத்தால் ஓட்டிப் பார்க்கும் முன் அதன் பேட்டரியைக் கழற்றுங்கள். சூயிங்கம் துண்டு போன்ற அந்தத் தட்டையான பேட்டரி கசிந்து உள்ளே அரித்திருக்கக்கூடும். கருவி ஓடுகிறதென்றால் கீழே எழுதுங்கள். ஹெட்ஃபோன் துளை வழியாகப் பதிவெடுக்க, தட்டு ஓடும் நேரம் முழுவதும் ஆகும். ஆகையால் உங்கள் பிளேயர் எனக்கு ஓர் இரவுக்குத்தான் வேண்டும்.