கிணறு வற்றியது மரத்தாலா, மண்ணாலா?

அவையோர்க்கு வணக்கம்.

இந்தோனேசியத் தீவான சுமத்ராவின் ஜாம்பி மாநிலத்தில், பாமாயில் தரும் செம்பனையை ‘ராக்குஸ் ஆயர்’ என்பார்கள். தண்ணீரை அடங்காமல் விழுங்கும் மரம் என்பது அதன் பொருள். ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற அந்தப் பூமியில், வறட்சி மாதங்களில் கிணறு வற்றுவதையும் மழை வலுத்தால் ஓடைகள் கரைபுரள்வதையும் செம்பனை வந்த பிறகே கண்டோம் என்று கிராமத்தார் கூறுகிறார்கள். இதை வெறும் நம்பிக்கை என்று தள்ளிவிடுவோர் உண்டு. அப்படியே ஏற்றுக்கொண்டு பழியை மரத்தின் மீது போடுவோரும் உண்டு. இரு சாராருமே மண்ணைப் பார்க்கத் தவறுகிறார்கள் என்று சொல்லவே இன்று இங்கு நிற்கிறேன்.

2012 முதல் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகமும் இந்தோனேசியப் பல்கலைக்கழகங்களும் இணைந்து ஜாம்பியில் நீண்ட ஆய்வொன்றை நடத்தின. அங்கே மரம் குடிக்கும் நீரின் கணக்கையும் அளந்தார்கள். நட்டு இரண்டே ஆண்டான தோப்பில் மரங்கள் இலை வழியே வெளியேற்றிய நீர் நாளொன்றுக்கு 0.2 மில்லிமீட்டர்தான், உரமும் பராமரிப்பும் மிகுந்த 12 ஆண்டுத் தோப்பில் அது 2.5 மில்லிமீட்டர். மண்ணிலிருந்தும் பிற செடிகளிலிருந்தும் ஆவியாவதைச் சேர்த்தால் அந்த முதிர்ந்த தோப்பு நாளொன்றுக்கு 4.7 மில்லிமீட்டர் வரை இழக்கிறது. இது சிறிய அளவன்று. ஆனால் மழைக்காடும் இதை ஒத்த அளவில் நீரைச் செலவிடுகிறது. அங்கே வற்றாத ஓடை இங்கே ஏன் வற்ற வேண்டும்?

காட்டு மண்ணின் மேல் சருகுப் படுகை கிடக்கிறது. அதன் கீழே வேர்களும் மண்புழுக்களும் கறையான்களும் துளைத்த எண்ணற்ற வழிகள் இருக்கின்றன. கொட்டும் மழையின் பெரும்பகுதியை மண் உள்வாங்கி, மழையற்ற மாதங்களில் ஓடைக்குச் சிறுகச் சிறுகக் கொடுக்கிறது. தோட்டத்தில் நடப்பது வேறு. உதிர்ந்த பழங்களைப் பொறுக்க வசதியாக மரத்தடியில் வட்டமாகக் களைக்கொல்லி அடித்து நிலத்தை வெறுமையாக வைக்கிறார்கள். குலை வெட்டுவோரின் காலடியும் கைவண்டியும், பெரிய தோட்டங்களில் டிராக்டரும், ஒரே பாதையில் ஆண்டுக்கணக்கில் சென்று மண்ணை இறுக்குகின்றன. வெட்டிய மட்டைகளைக் குவிக்கும் வரிசைகளில் மட்டும் மண் பொலபொலப்பாக, நீரை வாங்கக்கூடியதாக இருக்கிறது. அந்த வரிசைகள் தோட்டப் பரப்பில் ஏறத்தாழ 15 விழுக்காடுதான். மீதி நிலத்தின் பெரும்பகுதியில் மழை இறங்க வழியின்றி மேலோடு ஓடுகிறது. மழைக்காலத்து வெள்ளமும் வறட்சிக்காலத்து வெறுங்கிணறும் இந்த ஒரே காரணத்தின் இரு முகங்கள். மரம் குடிக்கும் நீரை மண்ணின் கையிருப்பு ஈடுகட்டிய காலம் போய்விட்டது. ஆகவே கிராமத்தாரின் குற்றச்சாட்டு பொய்யன்று. அது முழுமை பெற வேண்டும்.

ஓடும் நீர் தனியே ஓடுவதில்லை. காட்டு மண்ணையும் தோட்டத்து மண்ணையும் அடுக்கடுக்காக ஒப்பிட்டு, காடழிந்த நாள்முதல் செம்பனைத் தோட்டங்களில் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் மேல்மண் போய்விட்டதாக அதே ஜாம்பியில் கணித்தார்கள். ரப்பர்த் தோட்டங்களிலும் இழப்பு இதற்கு நெருங்கியதே என்பதை நேர்மையுடன் சேர்த்துச் சொல்ல வேண்டும். காட்டை வெட்டி நிலத்தைத் திறந்துபோடும் முதல் ஆண்டுகளில், இளங்கன்றுகள் நிழல் தராத அந்த இடைவெளியில்தான் அரிப்பு மிகக் கடுமை. போர்னியோவின் மேற்குக் காலிமந்தானில் இளந்தோட்டங்களின் ஊடே ஓடிய ஓடைகள், காட்டு ஓடைகளைவிட ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸ் வெப்பம் கூடியிருந்தன; வண்டலின் செறிவோ 500 மடங்குக்கும் மேல் உயர்ந்த தருணங்கள் இருந்தன. அந்த நீரில்தான் மக்கள் குளிக்கிறார்கள், மீன் பிடிக்கிறார்கள்.

‘கம்புட்’ எனப்படும் கரிச்சதுப்பு நிலத்தில் கதை இன்னும் கொடியது. மக்காத தாவரப் பொருள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நீருக்குள் படிந்து உருவான அந்த நிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு நீரே. கால்வாய் வெட்டி நீரை வடித்தால்தான் செம்பனை வளரும். வடித்தால் நிலம் முதல் ஐந்தாண்டுகளில் ஒரு மீட்டருக்கு மேல் தாழ்கிறது, பின்னர் ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் அளவில் தாழ்ந்துகொண்டே போகிறது. உலர்ந்த கரிமண் எளிதில் தீப்பற்றும். 2015-இல் சிங்கப்பூரையும் மலேசியாவையும் மூடிய புகைமூட்டத்தின் பெரும்பகுதி இந்தோனேசியாவின் கரிச்சதுப்புகளிலிருந்து வந்தது. இத்தகைய நிலத்தில் செம்பனை நடுவதற்கு எந்த நியாயமும் இல்லை என்பது என் உறுதியான முடிவு.

சாதாரண மண்ணில் அப்படிச் சொல்ல மாட்டேன். ஜாம்பியின் தோட்டமொன்றில் 2016-இல் தொடங்கிய சோதனையில், எக்டருக்கு ஆண்டுதோறும் இட்டுவந்த 260 கிலோ தழைச்சத்தை (நைட்ரஜனை) 136 கிலோவாகக் குறைத்தார்கள். அறுவடையோடு மண்ணைவிட்டுப் போகும் சத்தின் அளவு அதுதான். வேறு பாத்திகளில் களைக்கொல்லிக்குப் பதிலாகக் களையை வெட்டி, வேரை மண்ணிலேயே விட்டார்கள். நான்காண்டுக்குப் பின்னும் விளைச்சல் குறையவில்லை. மண்ணை வருத்தாமலும் அங்கே செம்பனை வளர்க்கலாம் என்பதே இதன் பொருள்.

செம்பனைக்கு ஆயுள் கணக்கு ஏறத்தாழ 25 ஆண்டு. இந்தோனேசியாவில் 1990-களில் நட்ட தோட்டங்களில் மறுநடவுக்காலம் வந்துவிட்டது. ஊருக்கு வெளியே பெரிய ஆறுகளின் இருகரையிலும் 100 மீட்டர், சிற்றாறுகளில் 50 மீட்டர் விட்டுவைக்க வேண்டும் என்று அந்நாட்டின் 1990-ஆம் ஆண்டு ஆணை சொல்கிறது. அந்த எல்லைக்குள் நின்ற செம்பனைகளை வெட்டிய இடத்தில் மீண்டும் செம்பனையை வைக்காமல் காட்டு மரங்களை வளரவிடுவதும், மட்டைகளை வரிசையில் குவிக்காமல் வெறும் மண்ணின் மீது பரப்புவதும், சரிவான நிலத்தை முழுவதுமாக ஒரே முறையில் திறக்காமல் பகுதி பகுதியாக நடுவதும் இப்போது செய்யக்கூடியவை. கன்று ஊன்றிய பிறகு இவற்றுள் முதலாவதைச் செய்ய இன்னொரு 25 ஆண்டு காத்திருக்க நேரும்.