கடைசி சீட்டில் ஏன் வயிறு அப்படிக் கலங்குகிறது?

வில்லிவாக்கத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "ஈ.சி.ஆர். பக்கம் ஒரு பார்க்குக்குப் போயிருந்தோம். ரோலர் கோஸ்டரில் நான் முதல் சீட், அண்ணன் கடைசி சீட். நான் சிரித்துக்கொண்டே இறங்கினேன். அவனுக்குக் குடலே வாய்க்கு வந்துவிட்டதாம். ஒரே வண்டிதானே, எப்படி?"

அண்ணன் பொய் சொல்லவில்லைம்மா, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரே வண்டிதான். எந்த நொடியில் பார்த்தாலும் எல்லாப் பெட்டிக்கும் ஒரே வேகம்தான். ஆனால் ஒவ்வொரு பெட்டியும் உச்சியைத் தாண்டுகிற நொடி வேறு. முதல் ஏற்றத்தில் வண்டியை இழுப்பது அடியில் ஓடும் சங்கிலி. 'கட கட கட' என்று ஒரு சத்தம் கேட்டிருக்குமே? வண்டி பின்னால் உருண்டுவிடாமல் பல் பல்லாக விழுந்து பிடிக்கிற கொக்கி அது. பயந்த சுபாவக்காரர்களுக்கு ரொம்ப நல்ல சத்தம்.

சரி, நீங்கள் உச்சியைத் தாண்டும்போது பின்னால் மொத்த வண்டியும் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. சங்கிலியின் வேகம்தான் உங்களுக்கும், மாட்டு வண்டி மாதிரி. கீழே கடல், சாலை எல்லாம் நிதானமாகப் பார்த்திருப்பீர்கள். வண்டியில் பாதி சரிவுக்கு வந்தபிறகுதான் எடை இழுக்க ஆரம்பிக்கும். அண்ணன் அப்போதும் ஏற்றத்தில்தான் இருக்கிறார். முன்னால் இறங்குகிற பெட்டிகள் எல்லாம் சேர்ந்து அவரை உச்சிக்கு மேலே வெடுக்கென்று இழுக்கின்றன. மேஜை விளிம்பில் ஒரு சங்கிலியைத் தொங்கவிட்டுப் பாருங்கள், கடைசிக் கண்ணி விளிம்புக்கு வரும்போது என்ன வேகத்தில் ஓடுகிறது என்று. உடம்பு நேராகப் போகப் பார்க்கும், சீட் கீழே போய்விடும். மடிமேல் இருக்கிற கம்பிதான் அவரைப் பிடித்துக் கீழே இழுக்கிறது.

மாநகரப் பேருந்தில் கடைசி சீட் ஸ்பீட் பிரேக்கரில் தூக்கிப் போடுவது வேறு கதை. அந்த சீட் பின்சக்கரத்தைத் தாண்டி வெளியே இருப்பதால் வருவது.

சங்கிலி இல்லாத அடுத்த மேடுகளில் கணக்கு மாறும். அங்கே உச்சியில் நடுப் பெட்டிதான் மெதுவாகப் போகும். முன்னால் இருப்பவரும் கடைசியில் இருப்பவரும் வேகமாகத் தாண்டுவார்கள். பள்ளத்தில் தலைகீழ்: நடுவில் இருப்பவருக்குத்தான் அதிக வேகம், அதிக அமுக்கம். அதனால் வடிவமைப்பவர்கள் ஒரு மேட்டை வளைக்கும்போது முன், நடு, கடைசி என்று தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும். 20 மீட்டர் இறக்கம் என்றாலே, உராய்வை விட்டுவிட்டால், அடியில் மணிக்கு சுமார் 70 கிலோமீட்டர் வேகம் வந்துவிடும்.

ஆளைத் தூக்குகிற அந்த இடத்தில் பெட்டியும் எழும்பப் பார்க்கும். அதற்காகத் தண்டவாளத்துக்கு அடியிலும் ஒரு சக்கரம் உண்டு. 1919-இல் அமெரிக்காவில் ஜான் மில்லர் காப்புரிமை வாங்கிய யோசனை அது. வரிசையில் நிற்கும்போது குனிந்து பாருங்கள்: மேலே ஒன்று, பக்கத்தில் ஒன்று, அடியில் ஒன்று என்று சக்கரங்கள் தண்டவாளத்தைக் கவ்வியிருக்கும்.

அடுத்த முறை சீட்டை மாற்றிக்கொண்டு போய்ப் பாருங்கள். அண்ணனுக்கு முதல் சீட்டைக் கொடுங்கள், பாவம். அடுத்த கேள்வி பெரம்பூரிலிருந்து.