பெரிய மேடை வரும், போகும்

அவைக்கு வணக்கம். முன்வரிசையில் கிற்றாரோடு வந்து உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கச்சிமாருக்குத் தனியாக ஒரு வணக்கம். பின்னால் இருக்கும் பெரியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், இன்றைக்கு நான் கதைக்கப்போவது றொக் இசை பற்றி. "அந்தச் சத்தமா?" என்று யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. ஓம், அந்தச் சத்தம்தான்.

2025 யூலையில் பிரித்தானியாவில் அடுத்தடுத்த இரண்டு நாளில் இரண்டு பெரிய நிகழ்ச்சிகள் நடந்தன. 2009இல் சண்டை பிடித்துப் பிரிந்த ஒயாசிஸ் றொக் குழுவின் அண்ணன் தம்பி யூலை 4ஆம் திகதி கார்டிஃப் நகரில் மறுபடி ஒன்றாக மேடை ஏறினார்கள். அதற்கான ரிக்கற் முந்தின ஆண்டு ஓகஸ்ற் முடிவில் விற்பனைக்கு வந்தபோது, ஏறக்குறைய 150 பவுண் என்று சொல்லப்பட்டது வரிசையில் காத்திருக்கக் காத்திருக்க 355 பவுணுக்குப் போய்விட்டது. ஆட்கள் கூடக் கூட விலையைக் கூட்டும் முறையாம். நம்மூர்ச் சந்தையில் மீன்காரர் இப்படிச் செய்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

மறுநாள் யூலை 5, பேர்மிங்ஹாம் வில்லா பார்க் மைதானத்தில் பிளாக் சபத் என்ற றொக் குழு தன் கடைசி நிகழ்ச்சியை நடத்தியது. அதன் பாடகர் ஒஸி ஒஸ்போர்ன் நிற்க முடியாமல் இருக்கையில் அமர்ந்தபடியே பாடினார். அதே மாதம் 22ஆம் திகதி இறந்துபோனார். அந்த மைதானம் இருக்கும் அஸ்டன் பகுதியில்தான் அவர் வளர்ந்தார். தொழிற்சாலைகளை நம்பிப் பிழைத்த தொழிலாளர் ஊர் அது. பிளாக் சபத்தின் கிற்றார்காரர் ரோனி அயோமி இளவயதில் தகரத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். வேலையின் கடைசி நாளில் இயந்திரத்தில் அகப்பட்டு வலது கையில் இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது. இடதுகைக்காரர் என்பதால் தந்தியை அழுத்துவது அந்த வலது கைதான். பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டினார். மெல்லிய தந்திகளைப் போட்டார். வலி குறைய, பிற்பாடு சுருதியையும் இறக்கினார். உலகம் முழுக்கப் பெடியள் தலையை ஆட்டிக் கேட்கும் அந்தக் கனத்த சத்தத்தில் அந்த விபத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

இதை இவ்வளவு நேரம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வசதி இல்லாத இடத்திலிருந்து புதிய சத்தம் பிறப்பது நமக்குத் தெரியாத கதை அல்ல. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த கரன்றில் பாட்டுக் கேட்ட ஆட்கள் இந்த அவையிலேயே இருக்கிறீர்கள். சுற்றுகிறவர் களைத்தால் பாடகரும் களைத்துப்போவார். அந்த நிலையில் மின்கிற்றாருக்கு எங்கே போவது? வெளியூர்களில் ஒரு தலைமுறை பான்ட் என்னும் இசைக்குழு அமைத்துப் பழகிய காலத்தை நாங்கள் இப்படித்தான் கடந்தோம். இன்றைக்கும் நம்மிடம் பான்ட்கள் குறைவு என்றால் அதற்கு இரசனைக் குறைவு காரணம் இல்லை.

அதற்கு முன் இங்கே கிற்றாரும் சொந்தப் பாட்டும் இருந்தன. 1960களின் கடைசியில் உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் கிற்றாரை மடியில் வைத்துத் தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடினார். சின்ன மாமியையும் கள்ளுக்கடையையும் பாட்டுக்குள் கொண்டுவந்தார். சிலோன் மனோகர் பொப்பிசைச் சக்கரவர்த்தி என்று பெயர் எடுத்துக் கடல் கடந்தார். இன்றைக்கு வெளியில் பாடலாசிரியப் பாடகர் என்று பெரிதாகச் சொல்கிறார்களே, அதை நம்முடைய ஆட்கள் அன்றைக்கே செய்தார்கள். நித்தியின் பாட்டில் இருந்தது வீட்டுத் திண்ணைப் பேச்சு. இப்போது எனக்குப் பாட்டு அனுப்பும் தம்பிமார் பலர் போனில் "என்ன செய்யிறியள் அண்ணை" என்று கதைக்கிறார்கள், பாட்டில் "அடி பெண்ணே" என்று கோடம்பாக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். வாயில் இருக்கும் பேச்சு பாட்டுக்கு வந்தால் என்ன குறைந்துவிடும்?

சரி, இன்றைய நிலைக்கு வருவோம். 2023 ஒக்டோபரில் சினிமா இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் யாழ்ப்பாணம் முற்றவெளியில் இலவசமாக நிகழ்ச்சி நடத்தினார். 2024 பெப்ரவரியில் அதே முற்றவெளியில் ஹரிஹரன் பாடியபோது சனம் தடுப்புகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்து, பாட்டை இடையில் நிறுத்தவேண்டி வந்தது. பத்திரிகைகள் ஒழுங்கீனம் என்று எழுதின. எனக்கு அதில் பசியும் தெரிந்தது. நேரடி இசையை எப்போதாவது ஒருமுறை காட்டினால் ஆட்கள் முண்டியடிக்கத்தான் செய்வார்கள்.

ஆனால் அந்தப் பெரிய நிகழ்ச்சிகளின் சாமான் லொறிகள் போன மறுநாள் நம்மிடம் என்ன மிஞ்சுகிறது? குருநகரிலும் பாசையூரிலும் தேவாலயப் பாடகர் குழுவில் கிற்றார் பழகிய பெடியன், திருவிழா இசைக்குழுவில் கீபோர்ட்டும் ஒக்டபாட் என்ற மின் மேளமும் வாசிக்கும் பெடியன், இவர்கள் கைத்திறனில் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. இவர்களிடம் கோயில் வீதியில் கேட்கப்படுவது சினிமாப் பாட்டு. சொந்தப் பாட்டு ஒன்றை நடுவில் போட்டால் சனம் கச்சான் வாங்க எழும்பிவிடும். அது சனத்தின் பிழையும் அல்ல, திருவிழா அதற்கான இடம் இல்லை. அதற்கு வேறு இடம் வேண்டும்.

பிரித்தானியாவிலேயே அந்த இடம்தான் ஆட்டம் காண்கிறது. சிறிய இசைக்கூடங்களுக்கான அறக்கட்டளை ஒன்று அங்கே இருக்கிறது. 2023இல் மட்டும் 125 சிறிய கூடங்கள் மூடப்பட்டன, அல்லது நேரடி இசையைக் கைவிட்டன என்று அது கணக்குச் சொன்னது. மைதான நிகழ்ச்சிகளின் ஒவ்வொரு ரிக்கற்றிலும் 1 பவுணை எடுத்துச் சின்னக் கூடங்களுக்குக் கொடுங்கள் என்பது அவர்களுடைய கோரிக்கை. கோல்ட்ப்ளே இசைக்குழு 2025 பிரித்தானிய நிகழ்ச்சிகளின் வருமானத்தில் 10 வீதத்தை அந்த அறக்கட்டளைக்குத் தர ஒப்புக்கொண்டது. மைதானத்தில் பாடுகிறவர் ஒருகாலத்தில் இருபது பேருக்கு முன்னால் தடுமாறியவர் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆங்கிலப் பாடகர் எட் ஷீரன் அப்படி வந்தவர்தான், லண்டனில் கிடைத்த சின்னச் சின்ன மேடையிலெல்லாம் பாடித் திரிந்தவர். அவர் 2025 பெப்ரவரியில் பெங்களூர் சேர்ச் ஸ்றீற்றில் நடைபாதையில் பாட, ஒரு பொலிஸ்காரர் வந்து வயரைப் பிடுங்கிவிட்டார். ஆகவே உங்களை யாராவது நிறுத்தினால் மனம் உடையாதீர்கள், பெரிய துணை இருக்கிறது.

சென்னையில் 2018 சனவரியில் முதல் மேடை ஏறிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு சென்னைத் தெருப் பாட்டான கானாவையும் றொக்கையும் றப்பையும் சேர்த்துச் சாதியைப் பற்றிப் பாடியது. யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஷான் வின்சென்ற் டி போல் மிருதங்கத்தோடு றப் செய்கிறார். அவர் 2021இல் வெளியிட்ட தொகுப்பின் பெயரிலேயே யாழ்ப்பாணம் இருக்கிறது. இங்கே இருந்துகொண்டே பாடுகிறவருக்கு அந்தத் தூரத்து வெளிச்சம் இல்லை. இணையத்தில் போடலாம்தான், ஆனால் 2024இலிருந்து ஸ்பொட்டிஃபை என்ற இணையப் பாட்டுத் தளம் 12 மாதத்தில் 1000 தடவை கேட்கப்படாத பாட்டுக்குக் காசு கொடுப்பதில்லை. சொந்தக்காரர் எல்லாரும் கேட்டாலும் ஆயிரம் வருவது கஷ்டம்.

ஆகவே நான் கேட்பது ஐம்பது கதிரை போடக்கூடிய ஒரு அறை. மாதத்தில் ஒரு மாலை. சினிமாப் பாட்டு வேண்டாம், ஒருவருக்கு மூன்று சொந்தப் பாட்டு. பெரிய சவுண்ட் செற் தேவையில்லை, இரண்டு ஸ்பீக்கரும் இரண்டு மைக்கும் போதும். அறைக்குள் ஒலியைக் கூட்டினால் சொல் கேட்காது, புதுப் பாட்டில் சொல் கேட்டாகவேண்டும். இரவு 10 மணிக்குப் பின் ஒலிபெருக்கி கூடாது என்று 2007இலேயே உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடித்தால் அந்தச் சிக்கலும் இல்லை. ரிக்கற் விற்பதென்றால் களியாட்ட வரி பற்றி மாநகர சபையில் முதலே கேட்டுவிடுங்கள். இந்திய உதவியில் கட்டிய கலாசார மத்திய நிலையம் நூலகத்துக்குப் பக்கத்தில் பல மாடியில் நிற்கிறது. அங்கே சின்ன அறை ஒன்று கிடைக்குமா என்று கேட்பதில் நட்டமில்லை. கிடைக்காவிட்டால் ஒரு ரியூஷன் கொட்டில் போதும், ஞாயிறு பின்னேரம் சும்மாதானே கிடக்கிறது.

அப்புறம் ஒரு விஷயம். பாட்டு எழுதியதும் திகதியோடு போனில் பதிந்து வையுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதிப் படைத்தவருக்கு உரிமை தானாகவே வந்துவிடும், பதிவு செய்ய அலையத் தேவையில்லை. உங்கள் ஆயுளும் அதற்குப் பின் 70 ஆண்டும் அது செல்லும். ஆனால் யாராவது எடுத்துப் போட்டுவிட்டால் முதலில் எழுதியது நீங்கள்தான் என்று காட்ட ஏதாவது கையில் இருக்கவேண்டும். கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். பாட விரும்புகிறவர்கள் பெயர் எழுதிவிட்டுப் போங்கள், அறை தரக்கூடியவர்கள் அடுத்த பக்கத்தில் எழுதுங்கள்.