ஆயா போனும் ஆறாவது படிக்கிற புள்ளையும்

வணக்கம் மக்களே, பென்னாகரம் ரோட்டுல நின்னு பேசுறேன், பஸ் சத்தம் வரும் கொஞ்சம் பொறுத்துக்கோங்க. இன்னைக்கு ஸ்கூல்ல பசங்களுக்கு போன், இன்டர்நெட் பத்தி என்ன சொல்லிக் கொடுக்கணும்னு பேசலாம்.

நம்ம தர்மபுரி பக்கம் நிறைய வீட்டுல அப்பா அம்மா பெங்களூர்ல கட்டட வேலைக்கு போயிருப்பாங்க, பசங்க ஆயா தாத்தாகிட்ட வளருது. மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபா, அதுக்கு பதிவு முகாமை 2023 ஜூலையில அப்போதைய முதல்வர் ஸ்டாலின் தொடங்கி வச்சதே நம்ம தொப்பூர்ல தான், அந்தப் பணம் ஏறிடுச்சான்னு ஆயாவுக்கு மெசேஜ் படிச்சு சொல்றது யாரு, ஆறாவது படிக்கிற புள்ளை தான். ஓடிபி கேட்டு போன் வந்தாலும் எடுக்கிறது அதே புள்ளை. அதுகிட்ட போய் போனை தொடாதன்னு சொன்னா என்னங்க அர்த்தம்?

ஒரு ஸ்கூல்ல பேசக் கூப்பிட்டிருந்தாங்க, போர்டுல ஒரே ஒரு வரி தான் எழுதினேன், பணம் நமக்கு வர்றதுக்கு பின் நம்பர் போட வேண்டியதில்ல. உடனே ஒரு பொண்ணு எந்திரிச்சு "ஸ்கேன் பண்ணா பணம் வரும்னு சொல்றாங்களே ண்ணா?"ன்னு கேட்டுச்சு. என் போனையே அதுகிட்ட கொடுத்து டீச்சரோட க்யூஆரை ஸ்கேன் பண்ணி 1 ரூபா போடச் சொன்னேன், பின் கேட்டுச்சு பாருங்க, என் அக்கவுண்ட்ல தான் குறைஞ்சுது. மொத்த கிளாஸும் எட்டிப் பார்த்துச்சு, அதுக்கப்புறம் நான் விளக்கவே வேண்டியதில்ல.

இன்னொன்னு போட்டோ விஷயம், இது தான் எனக்கு ரொம்ப கவலை. யூனிஃபார்மோட ஸ்டேட்டஸ் போட்டா பேட்ஜ்ல ஸ்கூல் பேரு தெரியும், அதை பசங்களே ஜூம் பண்ணி பார்க்க வைங்க. யாராவது போட்டோவை மார்ஃப் பண்ணி மிரட்டினா பணம் அனுப்பக்கூடாது, பயத்துல அந்த சாட் மெசேஜை டெலிட் பண்ணக்கூடாது, ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டு பெரியவங்ககிட்ட சொல்லணும். 18 வயசுக்கு கீழ இருக்கிறவங்களுக்கு டேக் இட் டவுன் (Take It Down)னு ஒரு இலவச சர்வீஸ் இருக்கு, போட்டோ நம்ம போனை விட்டு வெளிய போகாது, அதோட டிஜிட்டல் கைரேகை மாதிரி ஒரு குறியீடு (code) மட்டும் தான் போகும், அதை வச்சு அதுல சேர்ந்திருக்கிற ஆப்காரங்க தேடி எடுத்துடுவாங்க.

ஆனா புள்ளை வாயத் திறக்கணுமே! "நீ ஏன் போட்ட"ன்னு நாம முதல்ல கேட்டோம்னா அதோட முடிஞ்சுது, அடுத்த தடவை சொல்லவே சொல்லாது. டீச்சர்ஸ், பேரன்ட்ஸ், தயவுசெஞ்சு அந்தக் கேள்வியை மட்டும் கேட்காதீங்க, சொன்னது நல்லதாப் போச்சு கண்ணுன்னு ஆரம்பிங்க.

ஸ்கூல்ல கம்ப்யூட்டர் இருக்கிற ஹைடெக் லேப் சுவத்துல ரெண்டு நம்பரை பெருசா எழுதி வைங்க, பணம் போச்சுன்னா 1930, லேட் பண்ணாம அடிச்சா பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு, குழந்தைகளுக்கு எந்த ஆபத்துன்னாலும் 1098. பாலக்கோடு, அரூர், ஊத்தங்கரை பக்கம் டீச்சர்ஸ் யாராவது இந்த கிளாஸ் எடுக்கணும்னா கமெண்ட் போடுங்க, நான் வச்சிருக்கிற தாளை அனுப்புறேன்.